ஆல்பத்தில் ஒரு குழு, மேடையில் வேறொரு குழுவா?

மெட்டல் என்ற கனமான ராக் இசையை வாசிக்கும் ஒரு குழுவின் ஸ்டுடியோ ஆல்பத்தை மாதக்கணக்கில் கேட்டு, ஒவ்வொரு டிரம் அடியும் மனப்பாடமான பிறகு, அதே பாட்டுகளை அவர்களுடைய லைவ் ஆல்பத்தில் கேட்டிருக்கிறீர்கள். கிடார் மெலிந்து கேட்கிறது, குரல் மேல் சுரங்களைத் தொடாமல் நழுவுகிறது, எல்லாப் பாட்டும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நண்பர் ஒருவரோ "லைவ்தான் நிஜம், ஸ்டுடியோவில் யாரும் நன்றாக வாசித்துவிடலாம்" என்று சொல்லிக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறார். இரண்டில் எது மேல் என்று நீங்கள் கேட்டிருந்தாலும், வரிகளுக்கு நடுவே எனக்குக் கேட்டது வேறு: ஆல்பத்தில் நான் ரசித்ததெல்லாம் பொய்யா, இந்தக் குழுவுக்கு உண்மையிலேயே வாசிக்கத் தெரியுமா? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 6 ஆண்டுகள் ஸ்டுடியோவில் உதவியாளனாக மைக் வைத்து, கேபிள் சுருட்டி, நள்ளிரவில் டிரம் அடிகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் 15 ஆண்டுகளுக்கு மேலாக மேடை நிகழ்ச்சிகளில் மிக்ஸர் போர்டுக்குப் பின்னால் நிற்கிறேன். பெரும்பாலும் 300 முதல் 2,000 பேர் வரை நிற்கிற அரங்குகள். ஸ்டேடியம் அளவிலான நிகழ்ச்சியை நான் நடத்தியதில்லை. அவற்றைப் பற்றிச் சொல்வதெல்லாம் உங்களைப் போல ஒரு ரசிகனாகத்தான்.

முதலில் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். இரண்டு பொருள்களை ஒப்பிடுவதாக நினைக்கிறீர்கள், ஆனால் இருப்பவை மூன்று. ஸ்டுடியோ ஆல்பம் ஒன்று. அரங்கில் நின்று, நெஞ்சுக்கூடு அதிர, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை விலாவில் இடிக்கக் கேட்கிற கச்சேரி இன்னொன்று. அந்தக் கச்சேரியைத் தனித்தனி டிராக்குகளாகப் பதிந்து, ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போய், மிக்ஸ் செய்து வெளியிடும் லைவ் ஆல்பம் மூன்றாவது. உங்கள் நண்பர் 'நிஜம்' என்று சொல்வது இரண்டாவதை. நீங்கள் கேட்டு ஏமாந்தது மூன்றாவதை. அரங்கில் 100 டெசிபெலைத் தாண்டிக் கேட்ட அதே சத்தத்தை வீட்டில் கால்வாசிகூட வைக்க மாட்டீர்கள். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிப்போகும். இது காதின் அமைப்பு, எந்த ஹெட்ஃபோன் வாங்கினாலும் மாறாது. ஸ்டுடியோ ஆல்பத்தை மிக்ஸ் செய்பவர் இதைக் கணக்கில் வைத்துத்தான் வேலை செய்கிறார். மேடையில் வாசிப்பவர்களோ அந்த அரங்குக்காக வாசிக்கிறார்கள், உங்கள் அறைக்காக இல்லை.

கிடார் ஏன் மெலிகிறது? இதற்குச் சந்தேகமில்லாமல் பதில் சொல்லலாம். மெட்டல் ஆல்பங்களில் ஒரே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் மெட்டை, ஒரே ஆள் குறைந்தது இரண்டு முறை தனித்தனியாக வாசிப்பது வழக்கம். ஒன்றை இடது ஸ்பீக்கருக்கும் மற்றதை வலது ஸ்பீக்கருக்கும் தள்ளிவிடுவோம். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் இந்த வித்தை பலிக்காது, நடுவில் ஒரே கிடாராகத்தான் கேட்கும். தனித்தனியாக வாசிக்கும்போது இரண்டுக்கும் இடையில் விழுகிற மயிரிழை வித்தியாசம்தான் அந்த அகலத்தைக் கொடுக்கிறது. சிலர் நான்கு முறை வாசிப்பார்கள். சோலோ, அதாவது ஒரு கிடார் தனியாக முன்வந்து வாசிக்கும் பகுதி, வரும்போது அதன் அடியில் ரிஃபைத் தாங்கும் ரிதம் கிடார்கள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மேடையில் இரண்டு பேர், நான்கு கைகள். ஒருவர் சோலோவுக்குப் போனால் ரிதம் பாதியாகிறது; ஒற்றைக் கிடார் குழுவாக இருந்தால் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிடார் மட்டும்தான் மிச்சம். இன்னொன்றும் உண்டு. மெட்டாலிகா குழுவின் 80களின் ஆல்பங்களில் இரு பக்கமும் கேட்கும் ரிதம் கிடார் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் கை. மேடையில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் குழுவின் இன்னொரு கிடார்காரர் கிர்க் ஹாமெட். இரண்டு மணிக்கட்டுகள் எவ்வளவு பழகினாலும் ஒரே மணிக்கட்டு ஆகிவிடாது. ஆல்பத்தில் இருக்கிற அந்தக் கத்தி வெட்டு மேடையில் சற்று மழுங்குவது இதனால்தான். அதைத் திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன்.

கிடாரின் 'கனம்' என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பேஸ் கிடாருடையது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் இரண்டையும் ஒரே வாத்தியம் போல ஒட்டவைத்துவிடுவோம். பெரிய அரங்கில் தாழ்ந்த ஒலிகள் சீக்கிரம் அடங்காமல் மூலைக்கு மூலை உருளும். அதனால் என்னைப் போன்றவர்கள் கிடாரின் அடிப்பகுதியை வேண்டுமென்றே வெட்டி எறிவோம், இல்லாவிட்டால் காலால் உதைத்து வாசிக்கும் கிக் டிரம்மும் பேஸும் சேற்றில் புதைந்துவிடும். அரங்கில் உங்களுக்குக் குறை தெரியாது, அந்த இடத்தை சப்வூஃபர் நிரப்பிவிடும். அப்படி மெலிந்த கிடாரோடு பழகிய கிடார்காரர் தன் ஒலிபெருக்கியான ஆம்ப்பையே அதற்கு ஏற்ற மாதிரி வைத்திருப்பார், பதிவிலும் அதுதான் விழும்.

டிரம்ஸ் விஷயத்தில்தான் 'ஏமாற்று' என்ற சொல் அதிகம் புழங்குகிறது. கொஞ்சம் கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 240 தாள அடி என்ற வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு உதை என்று இரண்டு கால்களாலும் டபுள் கிக் ஓடினால் நொடிக்கு 16 உதை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 62.5 மில்லிநொடி. எதிரொலி மிகுந்த உள்ளரங்கில் ஒரு சத்தம் முழுக்க அடங்க 2 நொடி ஆகலாம். முதல் உதை அடங்குவதற்குள் இன்னும் முப்பதுக்கு மேல் அதன் தலையில் ஏறிவிடுகின்றன. டிரம்மர் எவ்வளவு துல்லியமாக உதைத்தாலும் பின்வரிசையில் நிற்பவருக்கு இடியோசை போன்ற ஒரே உருட்டல்தான். ஸ்டுடியோவில் இந்தச் சிக்கல் இல்லை. அறை சிறியது, மைக் தோலுக்கு அருகில் இருக்கிறது, பிசகிய அடியைக் கணினித் திரையில் அரை அங்குலம் நகர்த்திச் சரிசெய்யலாம், வலுவிழந்த உதைக்குப் பதிலாக வேறொரு நல்ல உதையை வைக்கலாம். இதையெல்லாம் நானே ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறேன். மேடையில் இதற்கு ஈடாக ட்ரிக்கர் இருக்கிறது: டிரம்மில் ஓர் உணரியை மாட்டினால், ஒவ்வொரு உதைக்கும் சேமித்துவைத்த ஓர் ஒலி கேட்கும். ட்ரிக்கர் தாளத்தை வாசித்துத் தராது, அதை டிரம்மரின் கால்தான் வாசிக்க வேண்டும். ஆனால் மெலிதான உதையையும் முழு உதையாகக் காட்டிவிடும் என்பது உண்மை. எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்துகிறது என்பவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

மெஷுகா குழுவைப் பாருங்கள். 2005இல் வந்த 'கேட்ச் தர்ட்டித்ரீ' ஆல்பத்தில் டிரம்ஸை யாரும் உட்கார்ந்து வாசிக்கவில்லை, கணினியில் கோத்தார்கள். கோத்த ஒலிகள் அவர்களுடைய டிரம்மர் தோமாஸ் ஹாக்கெ முன்பே அடித்துப் பதிந்துவைத்தவை. கேட்டவுடன் 'அப்படியானால் அவரால் முடியாது' என்று தோன்றும். ஆனால் அந்த ஆல்பத்தின் பகுதிகளைப் பின்னர் மேடையில் அவரே வாசித்தார். 2016இல் வந்த 'தி வயலன்ட் ஸ்லீப் ஆஃப் ரீசன்' ஆல்பத்துக்கு ஸ்டுடியோவிலேயே எல்லோரும் ஒன்றாக நின்று நேரடியாக வாசித்துப் பதிந்தார்கள். ஒரே குழு, இரண்டு நேர்மாறான வழிகள். ஸ்டுடியோவில் ஒரு குழு என்ன செய்தது என்பதை மட்டும் வைத்து அவர்களுக்கு என்ன செய்ய முடியாது என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வேகத்துக்கு வருவோம். மேடையில் வேகம் கூடுவது பழைய கதை. அயர்ன் மெய்டன் குழுவின் 1985ஆம் ஆண்டு 'லைவ் ஆஃப்டர் டெத்' ஆல்பத்தைப் போட்டுவிட்டு, அதே பாட்டுகளின் ஸ்டுடியோ வடிவத்துக்குத் திரும்பினால் ஸ்டுடியோதான் தூங்கி வழிவது போல இருக்கும். நெஞ்சு படபடக்கிறது, எதிரில் ஆயிரக்கணக்கான பேர் குதிக்கிறார்கள், தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலி காதில் இல்லை. கை தானாக ஓடும். இப்போது பல குழுக்கள் காதுக்குள் கிளிக் வைத்து வாசிக்கின்றன. விளக்குகளும் திரையில் ஓடும் வீடியோவும் பாட்டோடு பூட்டப்பட்டிருப்பதால் வேகம் இம்மியும் மாறக் கூடாது. அப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் துல்லியமாக இருக்கின்றன; எனக்குக் கொஞ்சம் அலுப்பாகவும் இருக்கின்றன. சோலோ நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது டிரம்மர் அதை உணர்ந்து ஒரு நூலிழை முன்னே சாய்வார் பாருங்கள், கிளிக் அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆனாலும் உங்களுக்கு 'அவசரம்' என்று பட்டதில் பாதி உங்கள் மனப்பாடத்தின் வேலையாக இருக்கலாம். முதலில் கேட்ட வேகம்தான் சரியான வேகம் என்று மனம் பிடித்துக்கொள்ளும். லைவ் ஆல்பத்தை முதலில் கேட்டவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

குரலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் இரக்கத்தோடு பேச வேண்டும். கிடார் தந்தி அறுந்தால் மாற்றலாம். ஸ்டுடியோவில் பாடகர் ஒரு வரியைப் பத்து முறை பாடுவார். ஒவ்வொன்றிலும் நல்ல சொல்லைப் பொறுக்கி ஒரே வரியாகத் தைப்போம். மூச்சு வாங்கும் இடம்கூட நாங்கள் முடிவு செய்வதுதான். மேடையில் அதே வரியை, ஓடிக்கொண்டே, ஒன்றரை மணி நேரக் கச்சேரியின் நடுவில், அந்த வாரத்தின் நான்காவது இரவில் பாட வேண்டும். ஆண்டுகள் போகப் போகக் குரலின் மேல் எல்லை இறங்குவதும் இயற்கை. பல குழுக்கள் மேடையில் கிடாரின் சுருதியை அரைச் சுரம் இறக்கிவிடுகின்றன. மெட்டாலிகா 90களின் நடுவிலிருந்து மேடையில் அப்படித்தான் வாசிக்கிறார்கள். ஆல்பத்தில் ஈ சுருதியில் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் கணத்தில் 'ஏதோ சரியில்லை' என்று தோன்ற இதுவும் ஒரு காரணம். உங்கள் ஆல்பத்தில் குரல் மட்டும் இறங்குகிறதா, கிடாரும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். கிடாரும் இறங்கியிருந்தால் அது தடுமாற்றம் கிடையாது, திட்டமிட்டுச் செய்தது.

அடுக்கடுக்காகக் குரல்களைச் சேர்த்துப் பாடும் குழுக்களுக்கு இன்னொரு சிக்கல். பிளைண்ட் கார்டியன் குழுவின் ஆல்பங்களில் கோரஸ் என்றால் ஒரு படையே பாடுவது போலிருக்கும், மேடைக்கு அந்தப் படையைக் கூட்டிவர முடியாது. 1992இல் வெளியான அவர்களுடைய 'தி பார்ட்ஸ் சாங்' பாட்டை 2003இல் வந்த லைவ் ஆல்பத்தில் கேளுங்கள். பாடகரைவிடக் கூட்டம்தான் அதிகம் பாடுகிறது. ஸ்டுடியோவில் செய்துவைத்த கோரஸின் வேலையைச் சீட்டு வாங்கி வந்தவர்கள் செய்துவிட்டுப் போகிறார்கள். டிம்மு போர்கிர் குழு 2003இல் பிராகாவின் ஆர்கெஸ்ட்ரா ஒன்றோடு ஆல்பம் பதிந்தது. சுற்றுப்பயணத்தில் ஒவ்வோர் ஊருக்கும் ஆர்கெஸ்ட்ராவை இழுத்துப்போக முடியுமா என்ன? அந்த இசையைக் கீபோர்டும் முன்பே பதிந்த டிராக்குகளும் தாங்க வேண்டியிருக்கிறது. உண்மையான ஆர்கெஸ்ட்ராவும் பாடகர் குழுவும் பின்னால் நிற்க அவர்கள் ஆஸ்லோவில் 2011இல் நடத்திய கச்சேரி தனியாக ஒரு லைவ் ஆல்பமாக வந்ததே அது எவ்வளவு அபூர்வம் என்பதால்தான்.

முன்பே பதிந்த டிராக்குகள் ஓடுவது குற்றமா என்று கேட்பீர்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் மிக்ஸ் செய்த ஒரு கச்சேரியில் அந்த டிராக்குகளை ஓட்டிக்கொண்டிருந்த லேப்டாப் பாட்டின் நடுவில் உறைந்துவிட்டது. வயலின்கள், பின்னணிக் குரல்கள், டிரம்மரின் காதில் ஓடிய கிளிக் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. எனக்கு வயிறு கலங்கியது. டிரம்மர் ஒரு தடவை என் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான், வாசித்துக்கொண்டே இருந்தார். பாட்டு முடிவதற்குள் வேகம் கொஞ்சம் ஏறிவிட்டது, இரண்டாவது கிடார்காரர் வயலின் மெட்டைத் தன் கிடாரில் எடுத்துக்கொண்டார். முன்வரிசைக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைய இரவின் ஆகச் சிறந்த பாட்டு அது என்று நான் இன்றும் சொல்வேன். இதே விபத்து இன்னொரு குழுவுக்கு நடந்தபோது பாட்டு அப்படியே நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். டிராக் ஓடுகிறதா என்பதைவிட அது நின்றால் என்ன மிஞ்சும் என்றுதான் நான் கேட்பேன்.

இப்போது லைவ் ஆல்பம் என்ற மூன்றாவது பொருள். உங்கள் நண்பரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: லைவ் ஆல்பம் என்று அட்டையில் போட்டிருப்பதால் எல்லாமே அந்த மேடையில் நடந்தது என்று அர்த்தமில்லை. ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' 1979 பிப்ரவரியில் டோக்கியோவில் பதியப்பட்டது. வாத்தியங்கள் மேடையில் வாசித்தவை, ஆனால் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் அப்போது உடல்நலமில்லாமல் இருந்ததால் குரலைப் பிறகு ஸ்டுடியோவில் பாடிச் சேர்த்தார்கள். இதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ரசிகர்கள் அதற்கு 'அன்லீஷ்ட் இன் தி ஸ்டுடியோ' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். மோட்டர்ஹெட்டின் 1981ஆம் ஆண்டு 'நோ ஸ்லீப் டில் ஹாமர்ஸ்மித்' பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம். தலைப்பில் ஹாமர்ஸ்மித் இருந்தாலும் பதிவுகள் பெரும்பாலும் லீட்ஸ், நியூகாசில் கச்சேரிகளிலிருந்து வந்தவை. மெட்டலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களான தின் லிஸியின் 1978 லைவ் ஆல்பம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பெரும்பகுதியை ஸ்டுடியோவில் மறுபடி பதிந்தோம் என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி, இல்லை, கொஞ்சம்தான் என்றது குழுவின் தரப்பு. அந்த அறையில் இருந்தவர்களே ஒத்துப்போகாதபோது வெளியிலிருந்து நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒன்று: இந்த மூன்றுமே அருமையான ஆல்பங்கள். ஹால்ஃபோர்டின் குரல் எங்கே பாடியது என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்த ஆல்பம் ஒரு துளியும் குறையவில்லை.

காதால் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு. மேடையில் பாடகரின் மைக்கில் பின்னால் அடிக்கிற சிம்பல் தட்டும் ஸ்னேர் டிரம்மும் கட்டாயம் கசியும். பாடகர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிம்பலின் நிறம் லேசாக மாறுவதை நல்ல ஹெட்ஃபோனில் கேட்கலாம். அந்தக் கசிவு துளியும் இல்லாமல் குரல் பளிங்கு மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், ஏனென்றால் கசிவைக் குறைக்க இப்போது நல்ல மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒரே சுற்றுப்பயணத்தின் பல இரவுகளிலிருந்து பொறுக்கி ஒட்டியிருந்தால் எனக்கே தெரியாது. கூட்டத்தின் ஆரவாரத்தைக் கூட்டிக் குறைப்பதும் மிக்ஸ் மேசையில் நடப்பதுதான்.

ஃபோனில் எடுத்த வீடியோக்களை வைத்துக் குழுவை எடைபோடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். ஃபோன் மைக் அந்தச் சத்தத்தைத் தாங்காமல் எல்லாவற்றையும் நசுக்கிவிடும், பேஸ் ஆவியாகிவிடும், பக்கத்தில் நின்று கத்துகிறவர் பாடகரைவிட நன்றாகக் கேட்பார். மிக்ஸர் போர்டிலிருந்து நேரடியாக எடுத்த பதிவு இன்னும் நம்பகமானது என்று பலர் நினைக்கிறார்கள். சிறிய அரங்கில் அது பெரிய பொய் சொல்லும். அங்கே கிடார் ஆம்ப்பே காதைப் பிளக்கும், டிரம்ஸுக்குப் பெரும்பாலும் மைக்கே தேவைப்படாது. நான் போர்டில் ஏற்றுவதெல்லாம் குரலும் கொஞ்சம் கிக்கும்தான். அந்தப் பதிவை வீட்டில் கேட்டால் குரல் அம்மணமாக முன்னால் நிற்கும், கிடார் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல இருக்கும். "கிடார்காரர் ஏன் இவ்வளவு சத்தமில்லாமல் வாசித்தார்?" என்று அதற்குக் கீழே கருத்து எழுதுவார்கள். அன்று அவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் மூன்று முறை கையசைத்திருப்பேன்.

ஸ்டுடியோ தோற்கிற இடங்களையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவனாகிவிடுவேன். மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டவர்களுக்குத் தெரியும், ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் அதில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அதே சுற்றுப்பயணத்தில் 1989இல் சியாட்டிலில் வாசித்ததை 1993இல் வெளியிட்டார்கள்; அதைப் பார்த்தால் அந்தப் பாட்டுகளுக்குள் இப்படி ஒரு பேஸ் இருந்ததா என்று வியப்பாக இருக்கும். 2003இல் 'செயின்ட் ஆங்கர்' வந்தபோது தகர டப்பாவைத் தட்டுவது போன்ற ஸ்னேர் ஒலியை உலகமே திட்டியது. ஆல்பத்தோடு தந்த டிவிடியில் அதே பாட்டுகளை ஒத்திகை அறையில் நின்று வாசித்தார்கள். எனக்கு ஆல்பத்தைவிட அதுதான் உயிரோடு இருந்தது. 2008இன் 'டெத் மேக்னடிக்' அளவுக்கு மீறிச் சத்தம் ஏற்றி நசுக்கப்பட்டது. கிடார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்காகத் தனியாகத் தந்த வடிவம் அதைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். இங்கெல்லாம் வாசித்தவர்கள் மேல் குறையில்லை, மிக்ஸ் மேசையில் எடுத்த முடிவுகள்தான் பாட்டைக் கெடுத்தன.

மேடையில்தான் தன் வடிவத்தைக் கண்டுபிடிக்கிற பாட்டுகளும் உண்டு. 'ஃபியர் ஆஃப் தி டார்க்' 1992 ஆல்பத்தில் நல்ல பாட்டு, அவ்வளவே. 2001 ஜனவரி 19 அன்று ரியோவில் அயர்ன் மெய்டன் அதை வாசித்த பதிவில், கிடார் மெட்டைக் கூட்டம் வாயால் பாடத் தொடங்கியதும் பாட்டு வேறொன்றாகிவிடுகிறது. அதைக் கேட்ட பிறகு ஸ்டுடியோ வடிவத்தில் அந்த இடம் காலியாகக் கேட்கும். ஏதோ ஒரு வாத்தியத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் போல. அதே கச்சேரியில் 'சைன் ஆஃப் தி கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் பாடுகிறார். ஸ்டுடியோவில் அவற்றைப் பாடியவர் அப்போதைய பாடகர் பிளேஸ் பெய்லி. எந்தக் குரல் மேல் என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு 'தி கிளான்ஸ்மேன்' டிக்கின்சனுடையது, 'சைன் ஆஃப் தி கிராஸ்' பெய்லியின் இருண்ட குரலில்தான் பயமுறுத்துகிறது. ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஸ்டுடியோவும் மேடையும் நேரெதிர் என்பதும் முழுக்கச் சரியில்லை. பிளாக் சப்பத் தங்கள் முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில், மேடையில் வாசித்துவந்த பாட்டுகளையே வாசித்துப் பதிந்தார்கள். அயர்ன் மெய்டன் 2000இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' ஆல்பத்தை ஒன்றாக நின்று வாசித்துப் பதிந்தது. மறுபக்கம், பாத்தரி குழு ஆரம்ப காலத்துக்குப் பிறகு மேடையேறவே இல்லை. பர்ஸம் ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர்களுக்கு ஸ்டுடியோதான் வாத்தியம், ஒப்பிட மறுபக்கமே கிடையாது. இதையெல்லாம் மிஞ்சிய வேடிக்கை ஒன்று: 2013 டிசம்பரில் மெட்டாலிகா அண்டார்டிகாவில் ஒரு கூடாரத்துக்குள் வாசித்தார்கள். சுற்றுச்சூழலுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஸ்பீக்கரே வைக்கவில்லை, வந்தவர்கள் ஹெட்ஃபோனில் கேட்டார்கள். கண்ணெதிரே கச்சேரி, காதில் ஸ்டுடியோ. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சரி, உங்கள் குழுவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று எப்படிப் பார்ப்பது? ஒரே பாட்டின் ஸ்டுடியோ வடிவத்தையும், வெவ்வேறு ஆண்டுகளில் வந்த இரண்டு மேடைப் பதிவுகளையும் எடுங்கள். மூன்றையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குப் படும், இதில் பழுத்த எஞ்சினியர்களே ஏமாறுகிறோம். வேகமான இடங்களை விட்டுவிடுங்கள், அங்கே எல்லாவற்றையும் சத்தம் மூடிவிடும். பாட்டு வேகம் மாறுகிற இடத்தில் காதை வையுங்கள்: அத்தனை பேரும் சேர்ந்து பிரேக் போடுகிறார்களா, ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி இடித்துக்கொள்கிறார்களா? மெதுவான, இடைவெளி அதிகமுள்ள ரிஃபில் டிரம்மரும் பேஸ்காரரும் ஒரே கல்லில் கால் வைக்கிறார்களா? சோலோவின்போது பேஸ்காரர் அந்த வெற்றிடத்தை உணர்ந்து கூடுதலாக ஏதாவது செய்கிறாரா? பாடகர் தொட முடியாத சுரத்துக்குப் பதிலாக வேறொரு மெட்டைத் தெரிந்து தேர்ந்தெடுக்கிறாரா, இல்லை ஒவ்வொரு முறையும் எட்டிப்பார்த்து விழுகிறாரா? கிடார் எத்தனை அடுக்கு, குரல் எவ்வளவு பளபளப்பு என்பதெல்லாம் பணமும் நேரமும் இருந்தால் வாங்கக்கூடியவை. நான் மேலே சொன்னவற்றை ஸ்டுடியோவில் ஓரளவு ஒட்டுப்போட முடியும், மேடையில் முடியாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. தடுமாற்றத்துக்கு நீங்கள் காட்டிய இரண்டு உதாரணங்களும் ஆல்பத்தின் முதல் இரண்டு பாட்டுகளிலிருந்து வந்தவை. காலி அரங்கில் ஒலியைச் சரிபார்த்துவிட்டுப் போவோம், பிறகு ஆயிரம் உடம்புகள் உள்ளே வந்து நின்றதும் எல்லாம் மாறிவிடும். முதல் இரண்டு பாட்டுகளில் நான் போர்டில் ஓடி ஓடித் திருத்திக்கொண்டிருப்பேன், மேடையில் பாடகர் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்கும் ஒலியைக் கவனிக்கும் மானிட்டர் ஆளைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே மேலே காட்டிக்கொண்டிருப்பார். தன் குரல் கேட்காதவர் கத்துவார், கத்தினால் சுருதி நழுவும். மிக்ஸைப் பிறகு ஸ்டுடியோவில் சரிசெய்யலாம், அப்போது அவர் எப்படிப் பாடினாரோ அது அப்படியேதான் இருக்கும். இன்றிரவு அந்த ஆல்பத்தை மூன்றாவது பாட்டிலிருந்து போட்டுக் கேளுங்கள்.